கோமதிசங்கரிடம் சொல்லாதவை

தென்காசிக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு ரயில்வே கேட்டில் இருபத்து மூன்று வருடங்களாகக் கேட் கீப்பராக இருந்தார் கோமதிசங்கர். அவருடைய வேலை நேரத்தில் ஒரு ஆட்டுக்குட்டிகூட ரயிலில் அடிபட்டதில்லை. ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் கேட்டை மூடிப் பூட்டுவார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். அறைக்குத் திரும்பி வந்தபின் சந்தேகம் வந்து மறுபடியும் போய் இழுத்துப் பார்ப்பார். கடைசிப் பெட்டி கடந்து போகும்வரை நாக்கு வறண்டு கிடக்கும். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள், அதிகாரிகள் பாராட்டினார்கள். மதுரையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டி வைத்திருந்தார்.

தான் பயந்துகொண்டே இருந்ததால்தான் எதுவும் நடக்கவில்லை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. மேலகரத்தில் இருந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அடுப்படிக்குப் போய் சிலிண்டரை மோந்து பார்ப்பார். மகள் அபர்ணா திருநெல்வேலியில் கல்லூரிக்குப் போய்ச் சேரும் வரை மூன்று தடவை போன் செய்வார். பஸ்ஸில் கூட்டம் என்று அவள் எடுக்காவிட்டால் அந்த வழியில் விபத்து ஏதும் உண்டா என்று தெரிந்தவர்களிடம் விசாரிப்பார். மனைவி லோகநாயகி தும்மினால் இரண்டு நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குற்றாலம் மூன்று கிலோமீட்டர்தான். சீசனுக்கு நாடெங்கிலும் இருந்து சனம் வந்து குளித்துவிட்டுப் போகும். இவர் வீட்டுக்காரர்கள் மட்டும் போக மாட்டார்கள். மேலேயிருந்து கல் விழும், மரம் உருண்டு வரும், தண்ணீர் திடீரென்று கூடும் என்பார்.

அபர்ணா பிளஸ் ஒன் படிக்கும்போது டெங்கு வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த நான்கு நாளும் கோமதிசங்கர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மூச்சு வருகிறதா என்று மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் வேலைக்குப் போனவர், ரயில் கடந்ததும் அறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு வேலை மாற்ற வந்த ஒலி முகம்மதுதான் தூக்கி ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனார். ரத்தக் கொதிப்பு, இனிமேல் இவரை எதற்கும் பதற விடாதீர்கள் என்றார் டாக்டர்.

லோகநாயகி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்குச் சொல்லாத விஷயங்கள் சேர ஆரம்பித்தன. லோகநாயகி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று, அங்கன்வாடி மீட்டிங்கில் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். அபர்ணா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டபோது ஒரு மாதம் முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு திரிந்தாள். தாயும் மகளும் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். ஏமாற்றும் எண்ணம் ஏதும் அதில் இல்லை. அவர் நன்றாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். தங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி வேண்டியிருந்தது.

அபர்ணா கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, பொங்கல் முடிந்த வாரம், குளிக்கும்போது லோகநாயகியின் கையில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. வலது மார்பில், கொண்டைக்கடலை அளவு. வலி இல்லை. அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அங்கன்வாடி டீச்சராக இருந்ததால், இது என்னவாக இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வாரம் கழித்து, தன்னோடு உதவியாளராக வேலை பார்த்த இராமலட்சுமியிடம் மட்டும் சொன்னாள். உடனே காட்டிவிட வேண்டும் என்றாள் இராமலட்சுமி. அபர்ணாவுக்குக் கடைசி வருடப் பரீட்சை முடியட்டும் என்றாள் லோகநாயகி. பரீட்சை முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் என்ன காரணம் சொல்வது, சொன்னால் அவர் என்ன ஆவார் என்று யோசித்து இன்னொரு மாதம் போனது.

சித்திரையில் அவர்களுடைய அங்கன்வாடிக்கே பெண்களுக்கான பரிசோதனை முகாம் வந்தது. தெருத் தெருவாகப் போய் நாற்பது வயது தாண்டிய பெண்களின் பட்டியல் எடுத்தது லோகநாயகிதான். வர மறுத்தவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தியதும் அவள்தான். மாலை வரை வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றாள். வரிசையில் அவள் நிற்கவில்லை. இப்போது போனால் சீட்டு எழுதி வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று இராமலட்சுமியிடம் சொன்னாளாம்.

ஆனி கடைசியில் அக்குளிலும் ஒன்று திரண்டது. கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுத முடியவில்லை.

ஆடி பிறந்த முதல் வாரம், காலை பத்தரை மணிக்கு இராமலட்சுமி கேட்டுக்கு வந்தாள். அந்த நேரத்தில் அங்கே அவளைப் பார்த்ததுமே கோமதிசங்கர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். அவர் எதுவும் கேட்பதற்குள் ஸ்டேஷனிலிருந்து போன் அடித்தது. செங்கோட்டை வண்டி கிளம்பிவிட்டது.

“அண்ணாச்சி, வண்டி போகட்டும். பொறவு சொல்லுதேன்” என்று இராமலட்சுமி வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றாள்.

கேட்டை மூடினார். பூட்டினார், இழுத்துப் பார்த்தார். கேட் மூடியதற்கு அடையாளமான எண்ணை ஸ்டேஷனுக்குப் போனில் சொன்னார். கொடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். அந்த ஆறு நிமிடத்தில் அவர் மனதில் வராதது இல்லை. அபர்ணா விழுந்துவிட்டாள். வீடு பற்றிவிட்டது. லோகநாயகியைப் பாம்பு கடித்துவிட்டது. இலஞ்சிப் பக்கம் இருக்கும் தன் அண்ணன்வரை ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். வண்டி வந்தது, போனது. கேட்டைத் திறந்து, காத்துக்கிடந்த லாரிகளை அனுப்பிவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார். அவள் கட்டியைப் பற்றிச் சொன்னாள். ஆறு மாதமாக இருக்கிறது என்பதையும் சொன்னாள்.

அவர் நினைத்த எதிலும் அது இருக்கவில்லை.

ஒலி முகம்மதை வரவழைத்துக் கேட்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். லோகநாயகி அன்று அரை நாள் லீவு போட்டிருந்தாள். கதவைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததுமே இராமலட்சுமி சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

“சொன்னா நீங்க படுத பாட்ட யாரு பாக்குதது?” என்றாள் கடைசியில். “நான் என் சீக்கப் பாப்பனா, ஒங்களப் பாப்பனா? ரெண்டையும் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அவர் தரையில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தச் சொம்பை வாங்கிக் குடித்தபிறகுதான், நோய் தனக்கு இல்லை அவளுக்கு என்பது அவருக்கு உறைத்தது.

தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தல் என்று பத்து நாள் போனது. கட்டி முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி அறுவை சிகிச்சையால் பலன் இல்லை, மருந்து கொடுத்து நாளை நீட்டலாம் என்றார் டாக்டர். தை மாதமே வந்திருந்தால் என்று கோமதிசங்கர் கேட்டார். டாக்டர் அவரைப் பார்த்தார். அப்போது வந்திருந்தால் பேச்சே வேறு என்று மறைக்காமல் சொன்னார்.

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அபர்ணா திருநெல்வேலியிலேயே ஒரு கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலையிலும் சாயங்காலமும் வந்து போனாள். மற்ற நேரமெல்லாம் கோமதிசங்கர்தான். நீண்ட லீவு எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சொட்டு மெதுவாகப் போனால் நர்ஸைக் கூப்பிடுவார், வேகமாகப் போனாலும் கூப்பிடுவார். போனில் எந்நேரமும் அந்த நோயைப் பற்றியே படித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களிடம் யார் யார் எத்தனை மாதம் இருந்தார்கள் என்று கேட்டார். லோகநாயகி கண்ணை மூடினால் தோளைத் தொட்டு எழுப்பிப் பார்த்தார்.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றிய அன்று அவள் அபர்ணாவைக் கூப்பிட்டு, ஒலி முகம்மது வீட்டு அக்காவால் ரெண்டு நாள் வந்து இருக்க முடியுமா என்று கேட்கச் சொன்னாள். அப்பா இருக்கிறாரே என்றாள் அபர்ணா. கோமதிசங்கர் பிளாஸ்கோடு உள்ளே வந்தார். லோகநாயகி அவரைப் பார்த்தே சொன்னாள்.

“நீங்க இங்கன இருக்காதீங்க. நீங்க என்னப் பாக்குத பார்வையில நான் செத்துக் கெடக்கேன். நான் இன்னும் சாகல.”

அவர் பிளாஸ்கை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சிமெண்டுத் திட்டில் மாலை வரை உட்கார்ந்திருந்தார். வார்டு நர்ஸ் ஒருத்தி வேலை முடிந்து போகிறவள் அவரைப் பார்த்து நின்றாள். நோயாளிகளின் வீட்டுக்காரர்களுக்கென்று ஒரு மேடம் வாரம் மூன்று நாள் வருகிறார், கீழ்த்தளத்தில் கடைசி அறை, போய்ப் பாருங்கள் என்றாள். தனக்கு ஒன்றும் இல்லை என்றார் அவர். மறுநாள் போனார். போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை.

அந்த மனநல ஆலோசகரின் பெயர் ஸ்ரீமதி. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் எதிர்பார்த்தது போல் தைரியமாக இருங்கள் என்று அவள் சொல்லவில்லை. எதையெல்லாம் நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கி முக்கால் மணி நேரம் சொன்னார். குறுக்கே பேசாமல் கேட்டாள். பயப்படாமல் ஒரு நாள் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

“நான் பயப்படுதத நிப்பாட்டுனா அவளுக்கு ஏதாவது ஆயிரும் மேடம்” என்றார். இத்தனை வருடத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“ஆறு மாசமா அவங்களுக்கு ஆகிட்டுதான இருந்திச்சு சார்? அப்பவும் நீங்க பயந்துட்டுத்தான இருந்தீங்க?”

அவர் யோசித்தார். அந்த ஆறு மாதத்தில் என்னென்ன பயந்தோம் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தார். பின்சுவரில் விழுந்த விரிசல். அபர்ணா போகும் பஸ்ஸின் டயர். மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, கையைத் தூக்க முடியாமல் அவள் வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதைவிட்டு எத்தனையோ நாள் ஆகியும், அதை அவர் கவனிக்கவில்லை. அன்று அந்த அறையில் அவர் அழுதார். ஸ்ரீமதி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவள் சொல்லிக் கொடுத்தது பார்க்கப் பெரிய விஷயமாக இல்லை. ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பயம் வரும்போது, இதற்கு இப்போது செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தன்னையே கேட்க வேண்டும். இருந்தால் எழுந்து அதைச் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வரியில் நோட்டில் எழுதிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்க வேண்டும். ஐந்து முதல் ஐந்தரை வரை உட்கார்ந்து நன்றாகக் கவலைப்படலாம். மற்ற நேரத்தில் போனில் நோயைப் பற்றித் தேடக் கூடாது. நடுக்கம் வந்தால் செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் ஊன்றி, எதிரே இருப்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் காலை பதினொரு மணிக்குள் நாற்பத்தொரு வரி எழுதினார். ஐந்து மணிவரை தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனை எடுத்து ஈரல், முதுகெலும்பு என்று தேடினார். இரண்டாம் நாளும் அதேதான். இது நமக்கு ஆகாது என்று ஸ்ரீமதியிடம் போய்ச் சொன்னார். இருபத்து மூன்று வருடப் பழக்கம் ரெண்டு நாளில் போகுமா, போய் எழுதுங்கள் என்றாள். பதினைந்து நாள் கழித்து நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, எழுதியதில் நடந்ததற்கு நேரே கோடு போடச் சொன்னாள். முந்நூற்றுச் சொச்சம் வரியில் ஐந்து நடந்திருந்தது. முடி முழுக்கக் கொட்டியது, ரத்த அணு குறைந்தது, அப்படி ஐந்து. வாய் முழுக்கப் புண் வந்து அவளால் ஒரு வாய் மோர்கூட விழுங்க முடியாமல் போனதே, அது எந்த வரியிலும் இல்லை.

ஐந்து நடந்திருக்கிறதே மேடம் என்று அதையே பிடித்துக்கொண்டார். நடந்ததுதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். முன்கூட்டியே பட்ட கவலையால் அது நடந்த அன்று கொஞ்சமாவது சுலபமாக இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றார்.

புரட்டாசி பிறந்தபோது நோட்டில் வரிகள் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்தாகக் குறைந்திருந்தன. பயம் போய்விடவில்லை. வந்தது, வந்ததும் அவரை இழுத்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் வார்டு வாசலில் நின்று, கொஞ்ச நேரம் உள்ளே வந்து இருக்கட்டுமா என்று லோகநாயகியிடம் கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே போடாமல் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். அவள் அவரைச் சோதித்துப் பார்ப்பது போல, விடிகாலையில் வாந்தியில் ரத்தம் வந்தது என்றாள்.

அவர் எழுந்தார். எவ்வளவு என்று கேட்டார். ஒரு கரண்டி இருக்கும் என்றாள். நர்ஸிடம் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றாள். போய் நர்ஸிடம் சொன்னார். டாக்டர் வந்து பார்த்து மாத்திரை மாற்றிக் கொடுக்கும்வரை நின்றார். அதன்பின் வெளியே போய் மாடிப்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். சுவர், பைப்பு, சிவப்பு வாளி, மணல் மூட்டை என்று சொல்லிக்கொண்டார். உடம்பு நடுக்கம் அடங்கவில்லை. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். லோகநாயகி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். எங்கே வலிக்கிறது, எந்த மாத்திரை கேட்கவில்லை என்பதில் தொடங்கி, பழசுக்குப் போனாள். பல் பிடுங்கியதைச் சொன்னாள். அங்கன்வாடிப் பெண்களோடு சேர்ந்து ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் இதுவரை ஒன்பது தடவை போய்க் குளித்துவிட்டு வந்ததைச் சொன்னாள். ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று இராமலட்சுமி வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து காயவைத்துவிட்டு வருவாளாம்.

கோமதிசங்கருக்கு ஒன்பது தடவையும் அவள் தலைக்கு மேலே இருந்த பாறைகள் கண்ணில் வந்தன.

“தண்ணி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

லோகநாயகி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, வாய்ப்புண் வலிக்க வலிக்க வெகுநேரம் சொன்னாள். விழும் தண்ணீர் முதுகில் அறைவதைச் சொன்னாள். காதுக்குள் ஒரு சத்தமும் கேட்காமல் போவதைச் சொன்னாள். அந்தச் சமயத்தில் வீடு, அங்கன்வாடி, அவர் எதுவுமே ஞாபகத்துக்கு வராது என்றும் சொன்னாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு மருந்துக்கு நடுவில் வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம், அருவியைப் பார்க்க வேண்டும் என்றாள். டாக்டருக்குப் போன் செய்து கேட்டார். குளிக்கக் கூடாது, கூட்டத்துக்குள் போகக் கூடாது, முகக்கவசத்தோடு அரை மணி நேரம் இருக்கலாம் என்றார். ஒலி முகம்மதின் தம்பி ஆட்டோவில் பேரருவிக்குப் போனார்கள். கூட்டம் இல்லை. தள்ளியிருந்த ஒரு மேடையில் அவளை உட்கார வைத்தார். சாரல் அங்கே வரைக்கும் வந்து அவள் தலையில் கட்டியிருந்த துணியை நனைத்தது. எழுந்து வா, சளி பிடிக்கும் என்ற சொல் அவர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. விழுங்கினார்.

நீங்க போய்க் குளிங்க என்றாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே நின்ற நேரம் முழுக்க மேலேயிருந்து கல் விழப்போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறியது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்தபோது ரெண்டு நிமிசம்கூட நிற்கவில்லையே என்று சொல்லி அவள் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவரைப் பார்த்து அவள் கேலி செய்த நாட்கள் குறைவு. செய்தால் எங்கே அவர் புண்படுவாரோ என்று அதையும் சேர்த்து அடக்கி வைத்திருந்தாள்.

கார்த்திகையில் மருந்து கேட்கவில்லை. வேறு மருந்து மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. தை பிறந்தபோது வீட்டுக்குக் கொண்டுபோய் வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஸ்ரீமதியிடம் விடைபெறப் போனபோது, இனி அவளிடம் வந்து பேச முடியாதே என்றார். போன் நம்பர் கொடுத்தாள்.

வீட்டில் ஐந்து வாரம் இருந்தாள். மாத்திரை நேரங்களை அவர் சுவரில் எழுதி ஒட்டினார். படுக்கைப்புண் வராமல் மூன்று மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைத்தார். மலம், மூத்திரம் எல்லாம் அவரே எடுத்தார். அபர்ணா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் லோகநாயகி அவரைக் கூப்பிட்டாள்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடலாம். முன்பென்றால் சொல்லியிருப்பார், சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றிருப்பார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றார். கட்டிலில் ஏறி அவள் தலையைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். அவள் தூங்கிப்போனாள்.

மாசி மாதம், காலை பதினொரு மணிக்கு இறந்தாள். அவர் பக்கத்தில் இருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போய் ஒரு வாரம் கழித்து அவர் ஸ்ரீமதிக்குப் போன் செய்தார். வேலைக்குத் திரும்பிவிட்டதைச் சொன்னார். ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் எழுதுவதற்கு ஒரே ஒரு வரிதான் வருகிறது, தினமும் அதே வரி என்றார். என்ன வரி என்று கேட்டாள்.

“என் கவலதான் அவளக் கொன்னுச்சா மேடம்?”

ஸ்ரீமதி உடனே இல்லை என்று சொல்லிவிடவில்லை. அதற்காக அவளிடம் அவருக்கு நன்றி இருந்தது. நோய் வந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை என்றாள். உங்கள் மனைவி சொல்லாமல் இருந்ததற்கு உங்கள் பழக்கம் ஒரு காரணம், அதுவே முழுக் காரணம் இல்லை, அவரும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்றாள். இதை நோட்டில் எழுதித் தள்ளி வைக்க முடியாது, இது கவலை இல்லை, துக்கம். இதற்கு ஐந்து மணி என்று நேரம் கிடையாது, வரும்போது அழுதுவிடுங்கள் என்றாள். அவர் சரி என்றார். போனை வைத்துவிட்டு, அடுப்பில் தனக்கு மட்டும் அளந்து அரிசி போட்டார். அளவு தெரியாமல் இரண்டு பேருக்கானது வெந்தது.

லோகநாயகியின் ரத்தத்தைச் சோதித்தபோது, இந்த நோயை உண்டாக்கக்கூடிய, தாயிடமிருந்து பிள்ளைக்கும் இறங்கக்கூடிய ஒரு மரபணுக் குறை இருப்பதாக டாக்டர்கள் முன்பே அவரிடமும் அபர்ணாவிடமும் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. விரும்பினால் அபர்ணா சோதித்துக்கொள்ளலாம் என்றார்கள். அவளாக முடிவெடுக்கட்டும் என்று கோமதிசங்கர் அதைப் பற்றி அவளிடம் பேசவே இல்லை. பேசாமல் இருந்த அந்த நான்கு மாதத்தைப் போல அவரை எதுவும் வதைத்ததில்லை. ஸ்ரீமதியோடு பேசிய அந்த நாளுக்குப் பிறகு, நோட்டில் இந்த வரி இல்லாத நாளே கிடையாது.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டரைக்கு, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அபர்ணா கூப்பிட்டாள். ரத்தம் கொடுத்து மூன்று வாரம் ஆயிற்று, இன்றைக்கு ரிசல்ட் வந்துவிட்டது என்றாள்.

“எனக்கும் இருக்குப்பா. இன்னும் யாருட்டயும் சொல்லல. முதல்ல ஒங்ககிட்டத்தான் சொல்லுதேன்.”

பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. ரோட்டோரத்தில் இருந்த மைல் கல்லைப் பிடித்துக்கொண்டார். அபர்ணா அந்தப் பக்கம் காத்திருந்தாள்.

“இப்ப எங்கன இருக்க?” என்று கேட்டார்.

ஆபீஸ் வாசலில் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். டாக்டரை எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டார். நாளைக்குக் காலையில் என்றாள். நான் வரட்டுமா, நீ தனியாகப் பார்க்கணுமா என்று கேட்டார். வாங்கப்பா என்றாள். அவள் குரல் அங்கேதான் உடைந்தது.

மறுநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதைக் கேட்டார். இந்தக் குறை இருப்பதால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும், இருபத்தைந்து வயதிலிருந்து வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும், பிற்பாடு அறுவை சிகிச்சை பற்றியும் அவள் யோசிக்க வேண்டியிருக்கும். அபர்ணா எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று டாக்டர் கோமதிசங்கரைப் பார்த்தார். அவரிடம் நூறு கேள்வி இருந்தது. அதில் தொண்ணூறுக்கு யாரிடமும் பதில் இல்லை என்பது அவருக்கு இப்போது தெரியும். முதல் பரிசோதனை எந்தத் தேதி என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிட்டார்கள். அபர்ணா பாதி இட்லியோடு கையை வைத்துக்கொண்டு, அம்மா இதையெல்லாம் தனியாக எப்படி வைத்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றார் அவர். இரண்டு நாள் வீட்டில் வந்து இருக்கட்டுமா என்று கேட்டாள். அவள் கேட்காமல் இருந்திருந்தால் அவராகக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

தென்காசி பஸ்ஸில் இடம் கிடைத்தது. அபர்ணா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆலங்குளம் வருவதற்குள் தூங்கிவிட்டாள், தலை அவர் தோளில் சாய்ந்தது. வெளியே தூறல் பிடித்தது. அவர் கையை நீட்டிக் கண்ணாடியை இழுத்து மூடினார்.